ஆவணியில் வந்த முட்டிகள்

முட்டி மாற்று ஆபரேஷன் செய்துகொள்ள நல்ல மாதம் எது என்று உங்கள் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்களா? கொடுத்திருக்க மாட்டார்கள். இடர் மதிப்பீடு, பிரீமிய நிர்ணயம், காப்பீட்டு ஆணையத்தின் விதிமுறைகள் என்று தடித்தடியாகப் புத்தகம் கொடுத்திருப்பார்கள். நடுவில் டீ, பிஸ்கட். நானும் அந்த மாதிரி வகுப்புகளில் உட்கார்ந்து தூங்கியவள்தான். தூங்கியும் தேறிவிட்டேன், அதனால் உங்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டு, "புதுசா சேர்ந்தவங்களுக்கு உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்க மேடம்" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆபத்தான காரியம். ஓய்வு பெற்றவர்கள் வாயைத் திறந்தால் லேசில் மூட மாட்டோம். ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடுவதாக வீட்டுக்காரரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர் நம்பவில்லை.

நான் பொறுப்பாக இருந்தது வில்லியனூர் கடைவீதியில் ஒரு சின்னக் கிளை. கீழே காரக்கடை, மேலே நாங்கள். மதியம் ஓமப்பொடி பிழியும் வாசனை மாடிக்கு ஏறும்போது எந்தப் பாலிசியின் நிபந்தனையும் என் மண்டையில் ஏறியதில்லை. மருத்துவக் காப்பீடுதான் எங்கள் வேலை. அந்த வேலையில் உங்கள் மேசைக்குத் திரும்பத் திரும்ப வரப்போகும் கேள்வி ஒன்று உண்டு. அரசு ஒரு விதியை மாற்றியிருக்கிறது, அதனால் நம் செலவு எவ்வளவு ஏறும்? வயது வரம்பை எடு என்பார்கள், இந்த நோயையும் சேர் என்பார்கள், மூத்தவர்களுக்கு இஷ்டத்துக்கு விலை ஏற்றாதே என்பார்கள். எல்லாம் நல்ல விதிகள்தான். ஆனால் நல்ல விதிக்கும் செலவு உண்டு. அதை யாராவது கணக்குப் போட்டாக வேண்டும், அந்த யாராவது நீங்கள்தான்.

இதில் ஒரு வேடிக்கை. விதி மாறினால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று மட்டும் யோசிப்போம். எப்போது செய்வார்கள் என்று யோசிக்க மாட்டோம். நான் ஓய்வு பெற்ற பிறகு தனிநபர் பாலிசிக்கு வரியை எடுத்தார்களே, நினைவிருக்கிறதா? எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்ததுமே வில்லியனூரில் ஒருவரும் பிரீமியம் கட்ட வரவில்லை. கிளையில் ஈ ஓட்டினார்கள். "யாவாரம் படுத்துடுச்சு மேடம்" என்று எனக்குப் போன் போட்டு அழுதார்கள். வரி போன அன்று படிக்கட்டில் நிற்க இடமில்லை. "யாவாரம் பிச்சிகினு போவுது மேடம்" என்று அதே ஆட்கள் போன் போட்டார்கள். வியாபாரம் படுக்கவும் இல்லை, பிய்த்துக்கொண்டு போகவும் இல்லை. வர வேண்டியவர்கள் நாள் பார்த்து வந்தார்கள், அவ்வளவுதான்.

சரி, முட்டிக்கு வருகிறேன்.

எங்கள் கிளையின் பெரிய பாலிசி வில்லியனூர், பாகூர் கடைவீதி வியாபாரிகள் சங்கம் எடுத்திருந்த கூட்டுப் பாலிசி. மளிகை, ஜவுளி, உரக்கடை, பாத்திரக்கடை என்று எல்லாக் கடைக்காரர்களும் அதில் இருந்தார்கள். கடைக்காரர், குடும்பம், கூடவே அவர்களுடைய அப்பா அம்மா. பெற்றோரையும் சேர்த்திருந்ததுதான் அந்தப் பாலிசியின் அருமை. அந்த வயதில் வெளியே தனியாக வாங்கப் போனால் சொல்லும் விலையைக் கேட்டே தலை சுற்றும்.

அதில் ஒரு நிபந்தனை இருந்தது. முட்டி மாற்று, கண்புரை, குடலிறக்கம் மாதிரி கொஞ்சம் தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷன்களுக்கு, பாலிசியில் சேர்ந்து சில வருடங்கள் காத்திருக்க வேண்டும். ஆணையம் அந்தக் காத்திருப்பில் ஒரு வருடத்தைக் குறைத்தது. எங்கள் பாலிசிக்கு அது ஆடி பிறந்த சமயத்தில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த வருடம்தான் என்று இருந்தவர்கள் எல்லாம் ஒரே நாளில் தகுதி பெற்றுவிட்டார்கள். நானே கடை கடையாகப் போய் இந்தச் செய்தியைச் சொன்னேன். கல்யாணப் பத்திரிகை வைப்பது போல அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

முதலில் போனது கோவிந்தராசுவின் பாத்திரக்கடைக்கு. கடை அவர் மகள் விஜயா பெயருக்கு மாறிவிட்டது, அவள் பாலிசியில்தான் அப்பாவும் இருந்தார். ஆனால் கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. அதில் உட்கார்ந்துகொண்டு வருகிற போகிறவர்களையெல்லாம் வம்புக்கு இழுப்பார். இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், மொபெட்டை உதைக்க முடியாமல் கடைக்குள்ளேயே முடங்கியிருந்தார். ஒருகாலத்தில் அந்த மொபெட்டில் அண்டா குண்டாவைக் கட்டிக்கொண்டு சேலியமேடு, பாகூர் என்று கல்யாண வீடுகளுக்குச் சுற்றிய மனிதர். வீட்டு வாசலில் மொபெட்டைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். யாரையும் ஓட்ட விடமாட்டார்.

"இந்த வருஷமே பண்ணிக்கலாம் மொதலாளி" என்றேன்.

"நெஜமாவா மேடம்? ரெண்டு முட்டியுமா?"

"ரெண்டும். டாக்டர் சொல்ற இடைவெளி விட்டு ஒண்ணொண்ணா."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க ஒரு தம்ளரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். பிறகு, "ஆடி போவட்டும் மேடம்" என்றார்.

அதைத்தான் எல்லாக் கடையிலும் சொன்னார்கள். ஆடியில் யாரும் உடம்பில் கத்தி வைத்துக்கொள்ள மாட்டார்கள். போதாததற்கு அது ஆடித் தள்ளுபடி மாதம். ஆவணி பிறந்ததும் பாருங்கள், பிள்ளையார்குப்பத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் எங்கள் கடைவீதியே படுத்திருந்தது. இந்தக் கட்டிலில் உரக்கடைக்காரர், அந்தக் கட்டிலில் ஜவுளிக்கடைக்காரரின் அம்மா. பார்க்க வந்தவர்கள் ஒரே ஆட்டோவில் வந்து எல்லோரையும் பார்த்துவிட்டு ஒரே ஆட்டோவில் போனார்கள். கோவிந்தராசுவுக்கு இடது முட்டி முடிந்தது. வலதை இரண்டு மாதம் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தீபாவளி முடியட்டும் என்று விஜயா சொல்லியிருந்தாள்.

புரட்டாசியில் சென்னை மண்டல அலுவலகத்திலிருந்து எனக்குத் தகவல் வந்தது. விதிமாற்றத்துக்குப் பிறகு வியாபாரிகள் பாலிசியில் க்ளெய்ம் தாறுமாறாக ஏறிவிட்டதாம். இதே போக்கு நீடித்தால் பாலிசி பெரும் நஷ்டத்தில் போகுமாம். மாதக் கடைசியில் பாலிசியைப் புதுப்பிக்கும்போது பெற்றோரை நீக்கிவிடலாமாம். கிளையின் ஒப்புதல் உடனே வேண்டுமாம்.

படித்ததும் எனக்கு ஓமப்பொடி வாசனைகூடப் பிடிக்கவில்லை. புதுப்பிக்கும்போது பெற்றோரை நீக்கினால், கோவிந்தராசுவின் இடது முட்டி நம் செலவில், வலது முட்டி நடுத்தெருவில்.

விலை நிர்ணயப் பிரிவில் அந்த மதிப்பீட்டைத் தயாரித்தவர் சுரேந்திரன். நாற்பது வயதுக்காரர். கணக்கில் புலி, பேச்சில் பசு. அவருக்குப் போன் போட்டேன்.

"சார், இது நீடிக்காது."

"எப்படி மேடம் சொல்றீங்க? ஜூலை கடைசியில பாருங்க, ஒண்ணுமே இல்ல. ஆகஸ்ட் பாதிக்கு மேல ஏற ஆரம்பிச்சு செப்டம்பர்ல கூரைக்குப் போயிடுச்சு. விதி வந்துச்சு, செலவு ஏறிடுச்சு."

"முதல்ல ஒண்ணும் இல்லாம இருந்தது ஆடி சார். அப்புறம் வந்தது ஆவணி."

"அதைத்தான் மேடம் நானும் சொல்றேன். ஆடியில விதி வந்துச்சு, ஆவணியில செலவு ஏறிடுச்சு."

போனைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். எனக்கு முன்னால் இரண்டு சுலபமான வழிகள் இருந்தன. ஒன்று, ஒப்புதல் கொடுத்துவிடுவது. தை மாதம் எனக்கு ஓய்வு. யாரும் என்னைத் திட்டப்போவதில்லை. இன்னொன்று, முடியவே முடியாது என்று காரசாரமாகப் பதில் எழுதுவது. எழுதியிருந்தால் கடைவீதியில் எனக்கு மாலை போட்டிருப்பார்கள், மண்டல அலுவலகத்தில் குப்பையில் போட்டிருப்பார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், என் மேலேயே எனக்குச் சந்தேகம். என் வீட்டு இட்லிப் பானையிலிருந்து மகளின் கல்யாணச் சீர்வரை கோவிந்தராசு கடையில் வாங்கியது. நான் பேசுவது புத்தியா, பாசமா? இந்தக் கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளாமல் எந்த மதிப்பீட்டிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பாசம் இருப்பது தப்பில்லை, அதைக் கணக்கில் சேர்ப்பதுதான் தப்பு.

அதனால் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "ஒரு தடவை நேர்ல வாங்க சார். ஆட்களைப் பார்த்துட்டு நீங்க என்ன எழுதினாலும் கையெழுத்துப் போடறேன்" என்றேன்.

"எல்லாம் டேட்டாவுல இருக்கே மேடம்."

"புரட்டாசிச் சாப்பாடு டேட்டாவுல இருக்கா? வடை, பாயசத்தோட?"

வந்துவிட்டார். சாப்பாட்டின் அருமையை நீங்கள் எந்தப் புத்தகத்திலும் படிக்க மாட்டீர்கள்.

சாப்பிட்டதும் அவரைக் கடைவீதியில் நடத்திக் கூட்டிப் போனேன். மனிதர்களைப் பார்த்தால் மனம் மாறுவார் என்பது என் திட்டம். ஆனால் திட்டம் அப்படியே தலைகீழாகப் புரண்டது. கடைக்குக் கடை கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு வாக்கர் நின்றது. கண்புரை எடுத்தவர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உரக்கடைக்காரர் இடுப்பு பெல்ட்டோடு எழுந்து நின்று வணக்கம் சொன்னார். சுரேந்திரனின் முகம் வெளிறிப்போனது.

"மேடம், நான் குறைச்சுல்ல எழுதியிருக்கேன்" என்றார் மெதுவாக.

இது போதாதென்று கோவிந்தராசு வேறு, எங்களைப் பார்த்ததும் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிவிட்டார்.

"தோ பாருங்க சார், தச்ச எடம். நம்ம ஊரு டைலர்கூட இவ்ளோ நேரா தைக்கமாட்டான். ஆனா இன்னா, ஒண்ணு புதுசு ஒண்ணு பழசா கெடக்கு. புதுசு விறுவிறுன்னு போவுது, பழசு பின்னாலயே இழுத்துகினு வருது. சோடி சேராத மாட்டை வண்டியில பூட்டுன மாதிரி."

சுரேந்திரன் சிரித்துவிட்டார். ஆனால் கையிலிருந்த போனில் எதையோ குறித்துக்கொண்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

கிளம்பும்போது விஜயா வாசல்வரை வந்து என் கையைப் பிடித்தாள். தைரியசாலி. கடையைத் தனியாக நிமிர்த்தியவள். அன்றைக்கு அவள் குரல் எழும்பவில்லை.

"அப்பா அம்மாவ எல்லாம் பாலிசியிலேர்ந்து எடுத்துடப் போறாங்கன்னு பேசிக்கிறாங்களே மேடம். நெஜமா? ஒரு காலோட நிக்கிறவர வச்சிகினு நான் இன்னா பண்ணுவேன்?"

"இன்னும் முடிவாகல விஜயா" என்றேன். பொய் சொல்லி ஆறுதல் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. அங்கிருந்து சங்கக் கட்டடத்துக்குச் சில எட்டுதான், நடக்கும்போது எனக்கே முட்டி வலி வந்த மாதிரி இருந்தது.

மதியம் கடை மந்தமாக இருக்கும் நேரம் என்பதால், நான் கேட்டுக்கொண்டபடி எல்லோரும் அங்கே கூடியிருந்தார்கள். சுரேந்திரன் எழுந்து நின்றார். நல்ல மனிதர் என்பதால் நேராகவே கேட்டார்.

"நான் உங்ககிட்ட ஒண்ணு தெரிஞ்சுக்கணும். இனிமே வர்ற மாசம், அதாவது தீபாவளிக்கு முன்னாடி, இன்னும் எத்தனை பேர் ஆபரேஷனுக்கு அட்மிட் ஆகப்போறீங்க?"

கூட்டம் சிரித்தது பாருங்கள்! முன் வரிசையில் ஆரம்பித்துப் பின்வரிசைவரை போய், வாசலில் செருப்பு விட்டுக்கொண்டிருந்தவர்வரை சிரித்தார்கள். கறுப்புக் கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சுரேந்திரன் தன் சட்டையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

"இன்னா சார் நீங்க" என்றார் ஜவுளிக்கடைக்காரர். "தீபாவளி யாவாரத்த வுட்டுட்டு எவன் சார் ஆஸ்பத்திரில போய்ப் படுப்பான்? வூட்ல சோறு போடுவாங்களா?"

"சரி, தீபாவளி முடிஞ்சதும்?"

"மழை வந்துடும். ஈரத்துல புண்ணு ஆறாதுன்னு பெரியவங்க வரமாட்டாங்க."

"மார்கழி?"

"மார்கழியிலயா!" என்று பல குரல்கள் ஒரே நேரத்தில் அதிர்ந்தன.

"தை?"

"பொங்கல் யாவாரம், அப்புறம் கல்யாண யாவாரம்."

"மாசி, பங்குனி?"

"அப்போ ஒண்ணு ரெண்டு பேரு போவாங்க சார்" என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார்கள்.

"சித்திரையில?"

"கத்திரி வெயில்ல கட்டு போட்டுகினு படுக்கறதா? நீங்க படுப்பீங்களா சார்?"

சுரேந்திரன் கேட்பதை நிறுத்திவிட்டார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு மாற்றம் வந்தது. ஏதோ வீட்டு விஷயம் ஞாபகம் வந்தவர் போல இருந்தார்.

"எங்க அம்மாவும் போன வருஷம் கண் ஆபரேஷனை ஆவணிக்குத்தான் தள்ளி வச்சாங்க" என்றார். "நான்தான் மூடநம்பிக்கைன்னு சண்டை போட்டேன்." சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு மற்ற எல்லோருடைய சிரிப்பையும்விடப் பெரியதாக இருந்தது. "அப்போ இத்தனை முட்டியும் கண்ணும் புதுசா முளைச்சது இல்ல. இந்த வருஷம் வர வேண்டியவங்களும் அடுத்த வருஷம் வர வேண்டியவங்களும் ஒண்ணா சேர்ந்துட்டாங்க. அதுவும் ஒரே மாசத்துல."

"ஒரு பஸ் வரலன்னா அடுத்த பஸ்ல ரெண்டு பஸ் கூட்டம் ஏறும் சார்" என்றேன் நான். "திருபுவனை கம்பெனிக்குப் போற பிள்ளைங்களைக் கேளுங்க. அதுக்காக ஊர் ஜனத்தொகை ரெட்டிப்பாயிடுச்சுன்னு எழுதக்கூடாது."

அவர் அடுத்து கேட்டதுதான் சரியான கேள்வி. "மாரடைப்பு, விபத்து, பிரசவம் இதெல்லாம் மாசம் பார்க்காதே. அதுல ஏதாவது ஏறியிருக்கா?" என்று போனைத் தட்டித் தானே பார்த்தார். ஏறவில்லை. நானும் அதைத்தான் கவனித்திருந்தேன், ஆனால் இவ்வளவு அழகாக எனக்குச் சொல்ல வந்திருக்காது. விதி தொட்டது தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷன்களை மட்டும்தான். தள்ளிப்போடக்கூடியது எல்லாம் எங்கள் ஊரில் ஆவணிக்குத்தான் வரும்.

இங்கேயே நிறுத்தினால் நல்ல சினிமா. ஆனால் நம் தொழிலில் பாதி உண்மை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. காத்திருப்பைக் குறைத்தால் செலவு கொஞ்சம் ஏறத்தான் செய்யும். அந்த ஒரு வருடத்தில் பொறுக்க முடியாமல் கைக்காசைப் போட்டுச் செய்துகொண்டவர்கள், பாலிசியை விட்டுப் போனவர்கள் மாதிரி ஆட்கள் எல்லாம் இனி நம்மிடமே வருவார்கள். அது நிரந்தரமான ஏற்றம். ஆகவே நான் எழுந்து, "பெற்றோர் இருக்கணும்னா பிரீமியம் கொஞ்சம் ஏறும்" என்று சொன்னேன். சிரித்த கூட்டம் அப்படியே அடங்கியது.

"இன்னா மேடம், நீங்களும் அந்தப் பக்கமா?" என்றார் உரக்கடைக்காரர்.

வலித்தது. உண்மையாகவே வலித்தது. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கோவிந்தராசு புது முட்டியை ஊன்றி எழுந்துவிட்டார்.

"யோவ், நான் எவர்சில்வர் வெல ஏறுனப்போ குண்டான் வெலய ஏத்துனேனா இல்லியா? நீதான மொணமொணன்னு வாங்கிகினு போன? எவ்ளோ ஏறுச்சோ அவ்ளோ ஏத்துறது யாவாரம். பயந்துகினு ஏத்துறதுதான் அநியாயம். மேடம் யாவாரம் பேசுறாங்க. நீயும் யாவாரம் பேசு."

பேசினார்கள். அடடா, என்ன பேச்சு! சுரேந்திரன் பாவம், வாழ்க்கையில் முதல்முறையாகப் பிரீமியத்துக்குப் பேரம் பேசினார். "இது துணிக்கடை இல்ல சார்" என்றார். "அப்போ பாத்திரக்கடைன்னு வச்சிக்குங்க" என்றார்கள். நம்மோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரிகளுக்குத்தான் போவது, ஆபரேஷனுக்கு முன்பே கிளைக்குச் சொல்லிவிடுவது என்று சங்கம் ஏற்றுக்கொண்டது. அதனால் செலவு கொஞ்சம் கட்டுக்குள் வரும் என்பதால் அவரும் கொஞ்சம் இறங்கினார். எந்தக் கடையும் விலகாத அளவுக்கு ஏற்றம் நின்றது. பெற்றோரும் பாலிசியில் நின்றார்கள்.

மேலிடத்தில் ஒப்புதல் வாங்கியது சுரேந்திரன்தான், நான் இல்லை. ஆங்கில மாதங்களை எடுத்துவிட்டுத் தமிழ் மாதங்களை வைத்து மதிப்பீட்டைத் திரும்ப எழுதினார். அனுப்புவதற்கு முன் என்னிடம் படித்துக் காட்டினார். இந்த அலை அடங்கிவிடும் என்ற இடத்தில், தீபாவளிவரை முட்டி, கண்புரை க்ளெய்ம் வராது என்று சேர்க்கச் சொன்னேன்.

"ஒண்ணுகூட வராதுன்னு எழுதலாமா மேடம்?"

"தைரியமா எழுதுங்க. நான் பொறுப்பு."

ஐப்பசி பிறந்தது. கடைவீதியில் நடக்க இடமில்லை. தலைத்தீபாவளிச் சீருக்குப் பாத்திரம் வாங்க விஜயா கடையில் கூட்டம் அலைமோதியது. அந்தச் சமயத்தில் சுரேந்திரன் போன் செய்தார். குரலில் குறும்பு.

"மேடம், ஒரு முட்டி வந்திருக்கு."

"எங்கேர்ந்து?"

"உங்க ஊர்லேர்ந்துதான். கோவிந்தராசு. வலது."

நான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், சண்டை போடத்தான் போனேன். ஆபரேஷன் முடிந்து, காலைத் தலையணை மேல் நீட்டிக்கொண்டு, ராஜா மாதிரி படுத்திருந்தார்.

"இன்னா மொதலாளி இது? தீபாவளி யாவாரத்தை விட்டுட்டு எவன் வந்து படுப்பான்னு எல்லாரும் சேர்ந்து சிரிச்சீங்களே! ஒருத்தரும் வரமாட்டாங்கன்னு நான் மேலிடத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

விழுந்து விழுந்து சிரித்தார். தையல் வலித்ததால் சிரிப்பை நிறுத்திக்கொண்டு முனகினார். முனகிவிட்டுத் திரும்பவும் சிரித்தார். கடையை விஜயா ஒண்டியாகவே பார்த்துக்கொள்கிறாள், தான் இருந்தால்தான் அவளுக்கு இடைஞ்சல் என்றார். பிறகு சிரிப்பு அடங்கியது. பக்கத்துக் கட்டில்காரருக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்.

"பயந்துட்டேன் மேடம். எடுத்துடப் போறாங்கன்னு பேச்சு வந்துச்சில்ல, அன்னிலேர்ந்து தூக்கமே இல்ல. இந்த வருஷம் வுட்டாங்க. அடுத்த வாட்டி இன்னா சொல்லுவாங்களோ? நீங்களும் தையில போயிடுவீங்க. நீங்க இருக்கறப்பவே பண்ணிக்கலாம்னு வந்துட்டேன்."

அந்த முட்டி விதியால் வந்த செலவு இல்லை. நீக்கிவிடலாமா என்று நாம் பேசியதால் வந்த செலவு. நம் பேச்சு கடைவீதிக்குப் போய், ஒரு மனிதரின் தூக்கத்தைக் கெடுத்து, தீபாவளிக்கு முன்பே அவரைக் கட்டிலில் படுக்கவைத்திருக்கிறது. எந்த மதிப்பீட்டிலும் இதற்கு ஓர் இடம் கிடையாது.

பிசியோதெரபி செய்யும் பெண் வந்து கோவிந்தராசுவை எழுப்பி நிறுத்தினாள். இரண்டு புது முட்டிகள். முதல் எட்டு வைக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். அடுத்த எட்டில் விட்டுவிட்டார். வராந்தாவின் கோடிவரை போய்த் திரும்பி, அங்கிருந்தே வார்டு முழுவதும் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"ஆமா மேடம், உங்களுக்கு அப்புறம் வர்ற பசங்களுக்கு ஆவணின்னா இன்னான்னு தெரியுமா?"

தெரியும் மொதலாளி, நல்லா தெரியும் என்று நானும் சத்தமாகவே சொல்லிவிட்டேன். ஏற்கெனவே நான் கொடுத்த ஒரு வாக்கு அவரால் பொய்த்துப்போனது. இந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டியது நீங்கள்.